தண்ணீரில் தெரிந்த முகம்

போன மாதம் உளுந்தூர்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு காலனியில் மாலை வகுப்பு முடித்துக் கிளம்பும்போது, கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவன் போனை நீட்டினான். "அக்கா, இதப் பாருங்க. எங்க அண்ணன் தெரியுதா?"

தாம்பாளத்தில் தண்ணீர், பக்கவாட்டில் டார்ச் வெளிச்சம், விரலால் கலக்கிவிட்டு எடுத்த வீடியோ. அதை நிறுத்தி நிறுத்திப் படங்களாக்கி, ஒன்றில் வட்டம் போட்டிருந்தான். அவன் அண்ணன் நெடுஞ்சாலையில் அடிபட்டு இறந்து ஒரு வருடம் ஆகிறது. எனக்கும் ஒரு நொடி கண்ணும் மூக்கும் தெரிந்தன. அதை மறைத்துவிட்டு உங்களுக்குப் பகுத்தறிவு பேசினால் அது நேர்மையாக இருக்காது.

இது அவன் கண்டுபிடிப்பு இல்லை. 1985 வாக்கில் ஜெர்மனியின் ஆகன் நகரில் கிளவுஸ் ஷ்ரைபர் என்பவர் டிவி திரையைக் கேமராவால் பிடித்து, அந்தப் படத்தையே திரும்ப அதே டிவிக்குள் அனுப்பினார். கலங்கலாக ஓடிய வெளிச்சத்தில் இறந்த உறவினர்கள் தெரிவதாகச் சொன்னார். அதே வேலையை இன்று பலர் தண்ணீரை வைத்துச் செய்கிறார்கள். நம் ஊரில் வெற்றிலையில் மை தடவி, சின்னப் பிள்ளையை உட்காரவைத்து "என்ன தெரியுது?" என்று கேட்பது இதற்கெல்லாம் மூத்தது.

மனித மூளை முகம் தேடும் மூளை. மேகத்திலும் சுவர்க் கறையிலும் தேடும். 2010-இல் இத்தாலிய உளவியலாளர் ஜியோவன்னி கபூட்டோ 50 பேரை மங்கலான வெளிச்சத்தில் 10 நிமிடம் கண்ணாடியைப் பார்க்க வைத்தார். தங்கள் முகமே சிதைவதைப் பார்த்தவர்கள் பலர். விலங்கும் பூதமும் தெரிந்தது சிலருக்கு. பெற்றோர் முகத்தைப் பார்த்தவர்களும் இருந்தார்கள்.

தம்பியிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. ஒரு வேலை மட்டும் கொடுத்தேன். வட்டத்தை அழித்துவிட்டு, எதுவும் சொல்லாமல், பத்துப் பேரிடம் தனித்தனியாகக் காட்டு. தெரிவதை எழுதித் தரச் சொல். ஒருவர் நாய் என்று எழுதினார். ஒருவர் பிள்ளையார். இரண்டு பேர் "ஒண்ணும் இல்ல". ஒரு பையன் நடிகர் பெயரை எழுதியிருந்தான் (அவன் எதைப் பார்த்தாலும் அவர்தான் தெரிவார்). எழுதத் தெரியாத ஒருவர் வாயால் சொன்னார்: "எம் புள்ள." தம்பியின் அம்மா.

அந்த அம்மா பார்த்ததை மறுக்க எனக்கு மனம் வரவில்லை. கொல்லப்பட்டவர்களைத் தெய்வமாக்கி வைத்துக்கொண்ட மக்கள் நாம். மதுரை வீரன் கதையும் காத்தவராயன் கதையும் அதுதான். செத்தவரைத் தேடுவது மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கும் தோழர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

என் பயம் வேறு. தண்ணீரோ மையோ, பார்ப்பவர் மனதில் இருப்பதைத்தான் காட்டும் என்றால், ஊர்த்தெருக்காரர் மனதில் திருடன் என்றால் யார் முகம் இருக்கிறது?

சில வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு கிராமத்தில் ஊர்த்தெரு வீடு ஒன்றில் சங்கிலி காணாமல் போனது. மை போட்டார்கள். "காலனிப் பக்கம் காட்டுது, பொம்பள, இடுப்புல கூடை" என்று வந்தது. அந்த வீட்டில் சாணி அள்ளும் பெண் ஒருவர்தான். நடுத்தெருவில் நிறுத்தி முந்தானையை உதறச் சொன்னார்கள். எட்டு நாள் கழித்துச் சங்கிலி அந்த வீட்டு நெல் மூட்டைக்கு அடியிலேயே கிடைத்தது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. மை போட்டவருக்குக் கொடுத்த பணத்தையும் யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

2022 டிசம்பரில் வேங்கைவயலில் பட்டியல் சாதி மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. 2025 ஜனவரியில் சிபிசிஐடி குற்றப்பத்திரிகையில் வந்த 3 பேரும் அதே மக்களைச் சேர்ந்தவர்கள். தீர்ப்பை நான் முன்கூட்டிச் சொல்லவில்லை. ஆனால் செய்தியைக் கேட்டதும் எனக்கு அந்த வெற்றிலைதான் ஞாபகம் வந்தது. ஒரு வித்தியாசம்: போலீஸ் சொல்லும் ஆதாரத்தை நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணை செய்யலாம். வெற்றிலையை யார் செய்வது?

அதனால் உங்கள் கிராமத்தில் மை போட்டு நம் ஆளைக் கை காட்டினால், அங்கேயே நின்று "புகார் எழுதிக் கொடுங்க" என்று கேளுங்கள். பலர் பார்க்க அவமானப்படுத்தினால் தேதி, இடம், இருந்தவர் பெயர்களைக் குறித்துக்கொண்டு வழக்கறிஞரிடம் போங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஆர்) பிரிவு பொருந்துமா என்று கேளுங்கள். சூனியம் வைத்தார் என்று பழி போட்டுத் துன்புறுத்தினால் அதற்குத் தனிப் பிரிவே இருக்கிறது: 3(1)(இசட்பி).

தம்பி வீட்டில் அண்ணனுடைய படம் என்று இருப்பது ஆதார் அட்டையில் உள்ளது மட்டும். அதைப் பெரிதாக்கினால் முகம் கலைந்துவிடுகிறது என்று ஸ்டுடியோவில் சொல்லிவிட்டார்களாம். கல்யாணம், காதுகுத்து என்று எடுத்த வீடியோக்களில் எங்காவது ஓரமாக நின்றிருப்பான் என்று இப்போது சொந்தக்காரர்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.