500 யூனிட்டைத் தாண்டும் நம் வீடுகள்: கரண்ட் பில்லைக் குறைக்க என்ன வழி?

கோடை வந்துவிட்டால் நம் வீடுகளில் இரண்டு பேச்சுகள் தவறாமல் எழும். ஒன்று வெயில், இன்னொன்று கரண்ட் பில். 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அறிவித்தது. அதே ஆண்டு ஜூலையில் மின் கட்டணம் 4.83 சதவீதம் உயர்ந்தது. வெயிலைத் தணிக்க மின்சாரத்தைக் கூடுதலாகச் செலவிடுகிறோம், அந்த மின்சாரத்தின் விலையும் கூடுகிறது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது நடுத்தரக் குடும்பங்கள்தாம்.

கட்டணத்தைக் குறை சொல்வது எளிது. அது எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

நூறு யூனிட்டின் விலை

தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறார்கள். முதல் 100 யூனிட் எல்லா வீடுகளுக்கும் இலவசம். 2022 செப்டம்பரில் அமலான கட்டணப்படி 500 யூனிட் செலவான வீட்டுக்கு பில் 1,725 ரூபாய். 600 யூனிட் என்றால் 2,750 ரூபாய். அதாவது, கூடுதலான நூறு யூனிட்டுக்கு மட்டும் 1,025 ரூபாய்! இன்றைய கட்டணம் இதைவிடச் சற்று அதிகம்.

காரணம் இதுதான். 2022 கட்டணப்படி 500-ஐத் தாண்டியதும் அடுத்த யூனிட்டுகளின் விலை 6 ரூபாயிலிருந்து 8 ரூபாயாக ஏறியது. அத்துடன், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்துவந்த சலுகை விலையும் பறிபோகிறது. 501-வது யூனிட் ஓடினாலே இந்த நஷ்டம் வந்துவிடும். எனவே, பில்லைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் செய்ய வேண்டியது அட்டையை எடுத்து, கடந்த ஓராண்டில் எந்தெந்த மாதங்களில் 500-ஐத் தாண்டினோம் என்று பார்ப்பது.

முதலில் மின்விசிறி

சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட் வரை மின்சாரம் எடுக்கும். இப்போது வரும் பிஎல்டிசி ஃபேன் 30 வாட் அளவில் அதே காற்றைத் தருகிறது. நாளொன்றுக்கு 12 மணி நேரம் ஓடினால், இரண்டு மாதத்தில் பழைய ஃபேனுக்கு 54 யூனிட், புதியதற்கு 22 யூனிட்டுக்கும் குறைவு. ஒரு ஃபேனுக்கு 32 யூனிட் மிச்சம். நான்கு ஃபேனை மாற்றிய வீட்டில் 125 யூனிட்டுக்கு மேல் குறையும். 600 யூனிட் ஓடும் வீடு 500-க்குக் கீழே இறங்க இது ஒன்றே போதும்.

ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றத் தேவையில்லை. எந்த ஃபேன் அதிக நேரம் ஓடுகிறதோ அதை முதலில் மாற்றலாம். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் இது உதவும். வீடு மாறும்போது ஃபேனைக் கழற்றிக்கொண்டு போய்விடலாம்.

ஏசி விஷயத்தில் ஒரு பழக்கத்தை மாற்றினால் போதும். 18-ல் வைத்துவிட்டுப் போர்வையைப் போர்த்திக்கொண்டு தூங்குவது நம் வீடுகளில் சகஜம். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு. 24-ல் வைத்து, மெதுவாக ஃபேனையும் ஓடவிட்டால் குளிர்ச்சிக்குக் குறைவிருக்காது.

வீடு கட்டும்போதே யோசிப்போம்

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களின் பழைய வீடுகளில் முற்றம் இருந்தது. சூடான காற்று மேலே போக வழி இருந்தது. இன்று வெளிநாட்டில் பாடுபட்டுச் சம்பாதித்த பணத்தில் கட்டும் வீடுகளில் கண்ணாடி முகப்பு இருக்கிறது, காற்று வர வழியில்லை. பகலெல்லாம் வெயிலைக் குடிக்கும் கான்கிரீட் தளம் இரவு முழுக்க அதை அறைக்குள் இறக்குகிறது. அதைச் சமாளிக்க அறைக்கு ஒரு ஏசி! மகன் வளைகுடா வெயிலில் நின்று அனுப்பும் பணத்தில் ஒரு பங்கு இப்படி பில்லாகக் கரைகிறது.

ஏற்கெனவே கட்டிய வீடாக இருந்தால், மாடித் தளத்தில் வெள்ளை நிற வெப்பத் தடுப்பு பெயின்ட் அடிக்கலாம். வசதி குறைந்தவர்கள் சுண்ணாம்பு அடித்தாலும் பலன் உண்டு. மேற்குப் பக்க ஜன்னலுக்கு வெளியே நிழல் வேண்டும். ஒரு தட்டியோ மரமோ போதும். புதிதாகக் கட்டுவோர் எதிரெதிரே ஜன்னல் வைக்கச் சொல்லி, இன்ஜினியரிடம் வரைபடத்திலேயே கேட்டு வாங்க வேண்டும்.

சோலாரும் வட்டியும்

2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 1 கிலோவாட் சோலாருக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம் உண்டு. 1 கிலோவாட்டுக்கு மாடியில் சுமார் நூறு சதுர அடி நிழல் விழாத இடம் வேண்டும். நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட், இரண்டு மாதத்தில் 240 யூனிட் கிடைக்கும். மழைக்காலத்தில் இது குறையும்.

ஆனால் நமக்கு இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. மானியம் முன்கூட்டியே வருவதில்லை. பேனல் பொருத்தி, மீட்டர் மாற்றி, ஆய்வு முடிந்த பிறகுதான் வங்கிக் கணக்குக்கு வரும். அதுவரை முழுத் தொகையையும் நாமே போட வேண்டும். அதற்குத் திட்டம் காட்டும் வழி வங்கிக் கடன். வட்டி குறைவுதான் என்கிறார்கள். குறைவானாலும் வட்டி வட்டிதானே! இதனாலேயே ஆசைப்பட்டும் ஒதுங்கி நிற்கும் குடும்பங்கள் நம்மிடையே பல.

இந்த இடைவெளியை ஜமாஅத்கள் நிரப்ப முடியும். பைத்துல்மால் வழியாகவோ, வசதி படைத்தவர்கள் சேர்ந்தோ மானியத் தொகையளவுக்கு அழகிய கடன் கொடுத்தால், மானியம் வந்ததும் அது திரும்பிவிடும். திரும்பிய பணம் அடுத்த வீட்டுக்குப் போகும். ஒரே 30,000 ரூபாய் ஒன்றன்பின் ஒன்றாகப் பல வீடுகளின் மாடிக்கு ஏறலாம். கொடுத்தவருக்கும் நஷ்டமில்லை, வாங்கியவருக்கும் வட்டியில்லை. எழுத்து, சாட்சி, தவணை ஆகியவற்றை மட்டும் ஒழுங்காக வைத்துக்கொள்ள வேண்டும்.

பள்ளிவாசலில் தொடங்கலாம்

லுஹருக்கும் ஜும்ஆவுக்கும் ஃபேனும் ஏசியும் ஓடும் நேரமும், வெயில் உச்சத்தில் நிற்கும் நேரமும் ஒன்றுதான். பள்ளிவாசல் மாடியில் சோலார் வைத்தால் அந்த மின்சாரம் அப்போதே பயன்படும். ஒளூ செய்யும் குழாய்களில் தண்ணீர் வேகத்தைக் குறைத்தாலே மோட்டார் ஓடும் நேரமும் குறையும். ஒரு முத்து அளவு தண்ணீரில் ஒளூ செய்த நபி (ஸல்) அவர்களின் உம்மத் நாம். குழாயை முழுதாகத் திறந்துவிட்டுப் பேசிக்கொண்டே ஒளூ செய்யும் நாம், அந்தத் தண்ணீர் மேலே ஏறச் செலவான மின்சாரத்தை நினைப்பதில்லை.

வீண்விரயம் கூடாது என்பது நமக்குப் புதிதாகச் சொல்லித் தர வேண்டிய பாடமல்ல. அடுத்த ரீடிங் வருவதற்குள் நம் வீட்டில் எது வீணாக ஓடுகிறது என்று ஒரு நாள் குடும்பத்தோடு உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம். பிள்ளைகளையும் கூட வைத்துக்கொள்வோம். இன்ஷா அல்லாஹ், பில்லும் குறையும், வீட்டின் சூடும் குறையும்.