போரும் சான்றும்

போர்க்களத்தில் வாள் ஓய்ந்தபின் எழுத்தாணி எழுகின்றது. வென்றவர் யாவர் என்பதைப் பிற்காலத்தார் எழுத்தைக் கண்டே அறிகின்றனர். ஆதலின், எழுதியவர் யார், எவர் பொருட்டு எழுதினார் என்று வினவாமல் போர்ச்செய்தி எதனையும் ஏற்றல் தகாது என்பது என் துணிபு.

காஞ்சிப் பல்லவரும் வாதாபிச் சாளுக்கியரும் வழிவழியாகப் பொருத வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். கி. பி. 674-ஆம் ஆண்டுக் கத்வால் செப்பேடு, சாளுக்கிய வேந்தன் முதலாம் விக்கிரமாதித்தன் பல்லவனை வென்று காஞ்சியைக் கைப்பற்றினான் என்று புகழ்கின்றது. பல்லவன் முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடோ, பல இலக்கம் வீரருடன் வந்த அதே விக்கிரமாதித்தன் கந்தை ஒன்றே போர்வையாக ஓடினான் என்று எள்ளுகின்றது. ஒன்றை மட்டும் கற்றவர் ஒருவனையே வெற்றி வீரனாகக் கொள்வர். இரண்டையும் ஒருங்கு வைத்து ஆராய்ந்த அறிஞர் பலர், முதலில் காஞ்சி வீழ்ந்தது என்றும், பின்னர்ப் பெருவளநல்லூரில் பல்லவன் வென்றான் என்றும் கொள்கின்றனர்.

சான்று வேறு, ஊகம் வேறு. முதலாம் மகேந்திரவர்மன் புள்ளலூரில் பகைவரை அழித்தான் என்று காசக்குடிச் செப்பேடு கூறுகின்றது. பகைவர் இன்னார் என்று கூறவில்லை. 634-ஆம் ஆண்டு ஐகோளேக் கல்வெட்டோ, இரண்டாம் புலிகேசிக்கு அஞ்சிப் பல்லவன் காஞ்சி மதிலுள் ஒடுங்கினான் என்கின்றது. புள்ளலூரில் தோற்றவன் புலிகேசியே என்பது அறிஞர் உய்த்துணர்ந்த கருத்து. நூல்தோறும் எடுத்தெழுதப் பெறுவதனால் மட்டும் ஊகம் உண்மையாகிவிடாது.

அங்ஙனமாயின் எதனை நம்புவது? தன் ஊரில் தன் புகழை எவனும் பொறிக்கலாம். பகைவன் ஊரில் கல்வெட்டுப் பொறித்தல் அங்குக் காலூன்றியவனுக்கே இயலும். முதலாம் நரசிம்மவர்மனின் கல்வெட்டு வாதாபிப் பாறையிலேயே உள்ளது. அவ்வாறே எட்டாம் நூற்றாண்டில் காஞ்சியைக் கொண்ட இரண்டாம் விக்கிரமாதித்தனின் கன்னடக் கல்வெட்டு, காஞ்சிக் கைலாசநாதர் கோயிலிலேயே உள்ளது. முன்னதைப் போற்றும் நாம் பின்னதை மறைத்தல் முறையாகுமா?

தம் நாட்டுச் சான்றை ஐயுறுதல் நாட்டுப்பற்றுக்கு இழுக்கு என்பாரும் உளர். அது பொருந்தாது. பொன்னை உரைகல்லில் தேய்ப்பது அதனை இகழ்தற்கன்று; மாற்று அறிதற்கே. ஆராய்ச்சிக்கு அஞ்சும் புகழ் நெடிது நில்லாது.

மாணவர்களே! செப்பேட்டின் இடத்தை இன்று செய்தித்தாளும் வானொலியும் தொலைக்காட்சியும் கைப்பேசியும் கொண்டுள்ளன. எங்கேனும் போர் மூண்டால், ஒவ்வொரு தரப்பும் தன் இழப்பைச் சுருக்கியும் பகைவர் இழப்பைப் பெருக்கியும் உரைத்தல் இயல்பு. ஒருபுறச் செய்தியையே கேட்டு வளரும் மக்கள் அடுத்த போரையும் எளிதில் விரும்பத் தலைப்படுவர். அப்போரில் மடிபவர் செய்தி எழுதியவர் அல்லர், எளிய குடிமக்களே. ஆதலின் இருபுறமும் கேட்டு, பொறுத்திருந்து முடிவு செய்தல் கற்றோர் கடனாகும்.