சந்தையும் கல்லாப்பெட்டியும்

நுழையும்முன்
பொருள் விற்கும் இடமும் பணம் செலுத்தும் வழியும் ஒரே நிறுவனத்தின் கைக்குச் சென்றுவிட்டால் என்ன ஆகும்? இணைய வணிகத்தின் வரலாற்றைக் கொண்டு இவ்வினாவை ஆராய்கிறது இக்கட்டுரை.

வாரச்சந்தை ஒன்றை மனத்தில் எண்ணிப் பாருங்கள். திடலின் உரிமையாளர் கடை போடுவோரிடம் வாடகை பெறுகிறார். அது முறையே. ஆனால், "பணத்தை என் கல்லாப்பெட்டி வழியாகவே கொடுக்கவேண்டும், வேறு வழி கூடாது" என்று அவர் கூறினால், அதை முறையென்று ஏற்பீர்களா?

அமெரிக்காவில் 1995ஆம் ஆண்டு பியர் ஒமிடியார் என்பவர் இணைய ஏலத்தளம் ஒன்றைத் தொடங்கினார். அதுவே பின்னர் இபே எனப் பெயர் பெற்றது. யாஹூ 1998இலும் அமேசான் 1999இலும் தத்தம் ஏலத்தளங்களைத் தொடங்கின. எனினும், அந்நாட்டில் இபேயை அவற்றால் வெல்ல இயலவில்லை. வாங்குவோர் மிகுந்த இடத்திற்கே விற்போர் வருவர். விற்போர் மிகுந்த இடத்திற்கே வாங்குவோர் செல்வர். கூட்டமே கூட்டத்தைச் சேர்க்கும் என்பது சந்தையின் இயல்பு.

முன்பின் அறியாத ஒருவருக்குப் பணம் அனுப்புவது எப்படி என்னும் சிக்கல் அப்போது எழுந்தது. காசோலை அஞ்சலில் சென்று சேரப் பல நாள்கள் ஆகும். மின்னஞ்சல் முகவரியைக் கொண்டே பணம் அனுப்பும் வசதியைப் பேபால் நிறுவனம் வழங்கியது. இபேயிடம் பில்பாயின்ட் என்னும் சொந்தச் சேவை இருந்தது. ஆயினும், அங்கு விற்றவர்களுள் மிகப் பலர் பேபாலையே நாடினர். கதவு திறந்திருந்ததால் சிறந்தது வென்றது. இறுதியில், 2002ஆம் ஆண்டு இபே நிறுவனம் பேபாலை ஏறத்தாழ 150 கோடி டாலருக்கு வாங்கியது. சந்தையும் கல்லாப்பெட்டியும் ஒருவருக்கே உரியவையாயின.

அதன்பின் நடந்ததைக் கவனியுங்கள். 2006 ஜூன் மாதத்தில் கூகுள் நிறுவனம், செக்கவுட் என்னும் கட்டணச் சேவையைத் தொடங்கியது. அடுத்த மாதமே, தன் தளத்தில் ஏற்கப்படாத கட்டண முறைகளின் பட்டியலில் இபே அதனைச் சேர்த்தது. பேபால் நுழைந்த கதவு கூகுளுக்கு மூடப்பட்டது. 2007 ஜூனில் இப்பூசல் முற்றியது; கூகுளில் வெளியிட்டுவந்த தன் அமெரிக்க விளம்பரங்களை இபே சில நாள்கள் நிறுத்திவைத்தது. செக்கவுட் சேவை 2013இல் முடிவுக்கு வந்தது.

இபேயின் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. நெடுநாள் நம்பகமாக இயங்கிய வரலாறு இல்லாத சேவையை ஏற்க இயலாது என்பதே அதன் வாதம். இணையத்தில் மோசடி மலிந்திருப்பது உண்மை; வாங்குவோரைக் காப்பது சந்தை நடத்துபவரின் கடமை. ஆயினும், பாதுகாப்புச் சோதனை அனைவருக்கும் ஒன்றாக இருத்தல் வேண்டும். பந்தயத்தில் ஓடுபவரே நடுவராகவும் அமர்ந்தால், அவர் தீர்ப்பு நேர்மையானதாகவே இருப்பினும் எவரும் நம்பார். 2015இல் பேபால் மீண்டும் தனி நிறுவனமாயிற்று.

இந்தியா வேறொரு வழியைத் தேர்ந்தது. என்.பி.சி.ஐ. எனப்படும் இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகம் 2016ஆம் ஆண்டு யூபிஐ முறையை அறிமுகப்படுத்தியது. இது எவருக்கும் தனியுரிமையில்லாத பொதுச்சாலை போன்றது. கூகுள் பே, போன்பே, பேடிஎம் முதலிய செயலிகள் அதில் ஓடும் வண்டிகள். டெல்லியிலோ மும்பையிலோ இருக்கும் உங்கள் பெற்றோர் ஒரு செயலியிலிருந்து பணம் அனுப்புகின்றனர். ஊரில் இருக்கும் பாட்டி வேறொரு செயலி வைத்திருந்தாலும், அப்பணம் அவருடைய வங்கிக்கணக்கை நொடிகளில் அடைகிறது.

எனினும், பொதுச்சாலை மட்டும் போதாது. யூபிஐ பரிவர்த்தனைகளில் பெரும்பகுதி போன்பே, கூகுள் பே ஆகிய இரு செயலிகள் வழியாகவே நடைபெறுகிறது. அவற்றுள் ஒன்று தடைபட்டாலும் எண்ணற்ற சிறுகடைகளின் வணிகம் தடுமாறும். ஒரு செயலியின் பங்கு 30 விழுக்காட்டைத் தாண்டலாகாது என என்.பி.சி.ஐ. 2020இல் அறிவித்தது. ஆனால், அதற்கான காலக்கெடு தள்ளிப்போய், 2026 இறுதிவரை நீட்டிக்கப்பட்டது. விதியை அறிவித்துவிட்டு ஒத்திவைத்துக்கொண்டே போவது, பெரியவர்கள் மேலும் பெரியவர்களாக இடம்கொடுப்பதாகும். புதிய செயலிகள் வளர வாய்ப்பளித்து, விதியைப் படிப்படியாகவேனும் நடைமுறைப்படுத்த வேண்டும்.

போட்டி என்பது ஒருவர் மற்றவரை வெளியே தள்ளிக் கதவடைப்பதன்று. நேற்று தொடங்கியவரும் நாளை வெல்லக்கூடிய நிலையே போட்டி. தெருவில் காய்கறி விற்பவரும் அவரிடம் வாங்குபவரும் தாம் விரும்பிய வழியில் பணம் கொடுத்து வாங்கும் உரிமை, அந்நிலை நீடிக்கும்வரையே நிலைக்கும்.