கதியாலுக்குக் கோடேறினோம், வெளிச்சத்துக்கு?

"வெள்ளைக்காரனுக்கு வேற வேலையில்லை. பக்கத்தில ஒரு மாடி எழும்பினா உடன கோட்டுக்கு ஓடுறான். இஞ்ச சனம் வீடில்லாமக் கிடக்குது." லண்டனில் இந்த வசனத்தைக் கேட்காமல் நான் ஒரு கலியாணவீட்டிலும் சாப்பிட்டு முடித்ததில்லை. சொல்பவர்களில் பாதிப்பேர் வாடகைக்கு விட மூன்றாவது வீடு வாங்கியவர்கள் என்பது வேறு கதை.

பக்கத்துக் காணிக்காரன் ஒரு சாண் கதியாலை அரக்கி நட்டான் என்பதற்காகத் தகப்பன் தொடங்கிய வழக்கை மகன் காலம்வரை இழுத்த சமூகம் நாங்கள். அப்புக்காத்துமார் கல்வீடு கட்டியதே எங்கட வேலிகளில்தான். அப்படிப்பட்ட சனத்துக்கு இங்கே வந்ததும் வழக்கு என்றால் ஆகாத காரியமாகிவிட்டது. "அகதியா வந்தனாங்கள், தந்ததை வாங்கிக்கொண்டு சும்மா இருப்பம்." சரி, வந்த புதிதில் அப்படி இருந்தோம். பிரஜாவுரிமை எடுத்து, வரி கட்டி, வோட்டும் போட்டு இத்தனை வருசத்துக்குப் பிறகுமா?

அயலவர்கள் வழக்குப் போடுவதால்தான் வீடு கட்ட முடியவில்லை என்பவர்களை ஒன்று கேட்கிறேன். இங்கிலாந்தின் சட்டம் அயலவனுக்கு என்ன தந்திருக்கிறது என்று தெரியுமா? கவுன்சில் அனுமதி மறுத்தால் கட்டடக்காரர் மேன்முறையீடு செய்யலாம். அனுமதி கொடுத்தால் பக்கத்து வீட்டுக்காரர் மேன்முறையீடு செய்ய முடியாது. ஒரு பக்கத்துக்கு மட்டும் திறக்கிற கதவு. அயர்லாந்தில் ஆட்சேபம் எழுதிக் கொடுத்த எவரும் 4 கிழமைக்குள் மேன்முறையீடு செய்யலாம். அங்கே வானம் இடிந்து விழவில்லை.

இங்கே எங்களுக்கு மிஞ்சுவது நீதிமன்ற மீளாய்வு. அனுமதி கொடுத்த நாளிலிருந்து 6 கிழமைக்குள் போட வேண்டும். அதிலும் நீதிபதி "இந்தக் கட்டடம் இங்கே வரலாமா" என்று பார்ப்பதில்லை, கவுன்சில் சட்டப்படி முடிவெடுத்ததா என்றுதான் பார்ப்பார். வென்றாலும் கவுன்சில் பிழையைத் திருத்திக்கொண்டு அதே கட்டடத்துக்குத் திரும்ப அனுமதி கொடுக்கலாம். இதுதான் நாட்டை முடக்குகிற பெரிய ஆயுதமாம்!

வெளிச்ச உரிமை என்று இன்னொன்று இருக்கிறது. 1832ஆம் ஆண்டுச் சட்டம். ஒரு யன்னலால் 20 வருசம் தடையில்லாமல் வெளிச்சம் வந்திருந்தால் அதை மறைக்கப் பக்கத்துக் காணிக்காரனுக்கு உரிமையில்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 2025 யூலையில் வந்த தீர்ப்பைப் பாருங்கள். தேம்ஸ் கரையில் ரேற் மொடேர்ன் காட்சியகத்துக்குப் பக்கத்தில் 19 மாடி அலுவலகக் கோபுரம் ஒன்று எழும்பியது. அயலில் இருந்த இரண்டு பிளாட்காரர் வழக்குப் போட்டார்கள். வெளிச்சம் பறிபோனது உண்மைதான் என்று நீதிபதி ஒப்புக்கொண்டார். ஆனால் கட்டி முடித்த கட்டடத்தை இடிக்கச் சொல்ல மாட்டேன், இடித்துத் திரும்பக் கட்ட 20 கோடி பவுணுக்கு மேல் வீணாகும் என்று சொல்லி, ஒரு வீட்டுக்கு 5 லட்சமும் மற்றதுக்கு மூன்றரை லட்சமும் நட்டஈடு கொடுத்தார். கோபுரம் அப்படியே நிற்கிறது.

எழும்பும்போதே தடை கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்கலாம். ஆனால் கடைசியில் தோற்றால் அந்தத் தாமதத்தால் கம்பனிக்கு வந்த நட்டத்தை நானே கட்டுவேன் என்று நீதிமன்றத்துக்கு உறுதி கொடுக்க வேண்டியிருக்கும். தன் வீட்டை அடைவு வைக்கிற துணிவு எத்தனை பேருக்கு வரும்?

அவர்களாவது வசதியானவர்கள், வீடு சொந்தம். எங்களைப் போன்றவர்களுக்கு 2016ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டத்தில் 203ஆம் பிரிவு இருக்கிறது. கவுன்சில் அந்தக் காணியைத் திட்டமிடல் தேவைக்கென்று எடுத்துவிட்டால் வெளிச்ச உரிமையை வைத்துக் கட்டடத்தை நிப்பாட்ட முடியாது. நட்டஈடு மட்டும்தான். அதுவும் வீட்டின் சந்தை விலை எவ்வளவு இறங்கியது என்ற கணக்கில். கவுன்சில் வீட்டில் வாடகைக்கு இருப்பவருக்குச் சந்தை விலை ஏறினால் என்ன, இறங்கினால் என்ன? பகல் 12 மணிக்கு லைற் போட்டுக்கொண்டு இருக்கப்போவது அவர்தான்.

"வீடில்லாச் சனத்துக்காகத்தானே கட்டுறாங்கள்" என்பவர்கள் எலிபன்ற் அன்ட் காசிலுக்கு ஒருக்கால் போய்வரட்டும். ஹேகேற் என்ற கவுன்சில் குடியிருப்பில் ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் இருந்தன. இடித்துவிட்டு இரண்டாயிரத்துக்கு மேல் புதிதாகக் கட்டினார்கள். அதில் ஏழைகளுக்கான சமூக வாடகை வீடுகள் நூறைத் தாண்டவில்லை. கட்டடக்காரர்களுக்கு ஒரு கணக்கு வழக்கம் இருக்கிறது, "இத்தனை மலிவு வீடு கொடுத்தால் எங்களுக்குக் கட்டாது" என்று ஓர் அறிக்கை. அதைச் சனத்துக்குக் காட்டாமல் வைத்திருப்பார்கள். ஹக்னியில் ஹோபோர்ன் ஸ்ரூடியோஸ் என்ற படப்பிடிப்புக் கூடத்தார், தங்கள் இடத்தை இடித்துக் கட்டக் கவுன்சில் கொடுத்த அனுமதியை எதிர்த்து 2017இலும் 2020இலும் இரண்டு தரம் வென்றார்கள். இரண்டாவது தரம் முக்கிய விடயமே அந்தக் கணக்கு வெளியிடப்படாததுதான். மூடி வைத்த கணக்கைத் திறக்க வைத்ததும் வழக்குத்தான், கலியாணவீட்டுப் பேச்சில்லை.

எல்லா ஆட்சேபக்காரரும் யோக்கியர் என்று நான் சொல்லவில்லை. தெருமுனையில் நாலு மாடி வந்தால் "அந்த மாதிரிச் சனம்" வந்துவிடும் என்று கையெழுத்து வேட்டைக்குத் திரிபவர்கள் இருக்கிறார்கள். "அந்த மாதிரிச் சனம்" ஒரு காலத்தில் நாங்கள். அதே பத்திரத்தில் எங்கட பெயர்களையும் பார்த்தபோது வயிறு எரிந்தது. அவர்களுக்காக நான் வாதாட வரவில்லை.

எங்கட தொடர்மாடிக்குத் தெற்கே 22 மாடிக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. கூட்டத்தில் எதிர்ப்பவர்கள் எல்லோருக்கும் சேர்த்து 3 நிமிசம் தந்தார்கள். கீழ்வீட்டுச் சோமாலியப் பெண் ஒன்றரை நிமிசமும் நான் ஒன்றரை நிமிசமும் பேசினோம். பேசி முடிக்க, தலைவர் நன்றி சொல்லிவிட்டுக் கைகளை உயர்த்தச் சொன்னார். மலிவு வீட்டுக் கணக்கை இன்றுவரை எங்களுக்குக் காட்டவில்லை.

சொலிசிட்டர் ஒருவரைப் பிடித்திருக்கிறோம். இப்படியான வழக்கில் தனியாள் தோற்றாலும் எதிர்த்தரப்புச் செலவில் பொதுவாக 5,000 பவுணுக்கு மேல் கட்டத் தேவையில்லை. எங்கட சொலிசிட்டர் செலவு தனி. 38 வீட்டில் 24 வீடு காசு போட்டிருக்கிறது. இந்தக் கட்டடத்தில் தமிழ் வீடு ஐந்து. காசு தந்தது என்னுடையதோடு இரண்டு. 6 கிழமை முடிய இன்னும் 11 நாள் இருக்கிறது. மற்ற மூன்று வீட்டுக் கதவையும் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் தட்டுவேன், அண்ணைமார் வீட்டில் நில்லுங்கோ.