பழுது பார்க்கும் கை இழிந்த கையா?

லண்டனிலுள்ள ‘அஸ் டூ’ கம்பெனியார் 2019-ம் வருஷத்தில் ‘அசெம்பிள் வித் கேர்’ என்றொரு வீடியோ விளையாட்டை வெளியிட்டார்கள். அதில் வீரனுமில்லை, கொலையுமில்லை. மரியா என்னும் பெண் ஓர் ஊருக்கு வந்து, அவ்வூராரின் பழுதான சாமான்களைச் சரி செய்து கொடுக்கிறாள், அவ்வளவே கதை. விளையாடுகிறவர் திருகாணியைக் கழற்றி, கெட்ட பாகத்தைக் கண்டு மாற்ற வேண்டும். டேப் பாடாததற்குத் தலைவிதியே காரணமென்று அங்கே தப்ப முடியாது.

நம் யோக்கியதை என்ன? மாமல்லபுரம் கடற்கரையில் படகு எஞ்சினையும், செங்கல்பட்டுக் கடைவீதியில் செல்போனையும் பிழைக்க வைக்கிறவருக்கு நாம் கொடுக்கும் பட்டம் ‘படிக்காதவன்’. ஆயுத பூஜையன்று அவரது திருப்புளிக்குப் பொட்டு. மறுநாள் அவரது கூலியில் பேரம்!

போதாக்குறைக்கு, கம்பெனிக்காரர்கள் உதிரி பாகங்களையும் விவரங்களையும் பூட்டி வைத்துக்கொண்டு, ‘புதிது வாங்கு’ என்கிறார்கள். சிலரே படிக்கலாம், மற்றவர் காதாலும் கேட்கக் கூடாது என்ற பழைய வித்தைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பழுது பார்க்கும் உரிமைக்கென்று இந்திய சர்க்கார் 2022 டிசம்பரில் ஓர் இணைய வாசலைத் திறந்தார்கள். வாசல் மட்டும் போதாது, சாவியும் வேண்டும்.

மரியாவுக்குக் கைதட்டும் வாலிபர்கள், முதலில் தம் தெருக்கோடிக் கடைக்காரரை ‘வாடா’ என்றழைப்பதை நிறுத்தட்டும்!