பதில் வராத சங்கம்

2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு வியாழக்கிழமை இரவு. எங்கள் கடைவீதியில் செருப்புக் கடை வைத்திருக்கும் சகோதரர் ஒருவர், வியாபாரிகள் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போடுகிறார்.

"அஸ்ஸலாமு அலைக்கும். என் கரண்ட் அக்கவுண்ட்டை பேங்கில் முடக்கி விட்டார்கள். சைபர் கிரைம் கேஸ் என்கிறார்கள். நான் எந்தத் தப்பும் செய்யவில்லை. சனிக்கிழமைக்கு ஆம்பூர் பார்ட்டிக்கு செக் கொடுத்திருக்கிறேன். யாருக்காவது விவரம் தெரிந்தால் சொல்லுங்கள் பாய்."

குழுவில் இருந்தவர்கள் 640 பேர். அடுத்து வந்த செய்தி என்ன தெரியுமா? ஒரு ரோஜாப்பூ படம். அதன் கீழே 'இனிய இரவு வணக்கம்'. அதையடுத்து நம் தலைவர் ஒரு திருமண விழாவில் பொன்னாடை வாங்கும் புகைப்படம். அதற்கு 43 பேர் 'மாஷா அல்லாஹ்' போட்டார்கள். விடிந்தால் ஜும்ஆ. வாழ்த்துப் படங்கள் வரிசை கட்டின. அந்தச் சகோதரரின் கேள்வி மேலே மேலே போய்க் கண்ணில் இருந்தே மறைந்து விட்டது. சனிக்கிழமை செக் திரும்பியது. பதினைந்து ஆண்டுகளாகக் கடன் கொடுத்து வந்த பார்ட்டி, இனி ரொக்கம் தந்தால்தான் சரக்கு என்று சொல்லி விட்டார்.

அந்த 43 பேரில் நானும் ஒருவன். ஆகவே இதை யார் மீதும் பழி போடுவதற்காக எழுதவில்லை.

நடந்தது என்ன என்பது எட்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. எங்கோ வேறு மாநிலத்தில் ஒருவரை மோசடிக் கும்பல் ஏமாற்றுகிறது. அவர் 1930 என்ற எண்ணில் புகார் செய்கிறார். பறிபோன பணம் எந்தெந்தக் கணக்குகளுக்குப் போனது என்று போலீசார் தேடிக் கொண்டே வருகிறார்கள். அந்தக் கணக்குகளில் ஒன்றின் சொந்தக்காரர் நம் சகோதரரின் கடைக்கு வந்து, கல்லாவில் ஒட்டியிருந்த கியூ.ஆர். அட்டையை ஸ்கேன் செய்து 850 ரூபாய்க்குச் செருப்பு வாங்கியிருக்கிறார். அவ்வளவுதான்! 850 ரூபாய்க்காகக் கடையின் மொத்தக் கணக்கும் நின்று போனது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. புகார் எண், எந்த ஊர்க் காவல் நிலையம், எவ்வளவு தொகை என்ற மூன்றையும் வங்கியிடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். விற்பனை பில், சரக்கு வாங்கிய பில் ஆகியவற்றின் நகல்களை விசாரணை அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். பிரச்சினைக்குரிய தொகையை மட்டும் நிறுத்தி வையுங்கள், மீதியை விடுவியுங்கள் என்று கேட்க வேண்டும். தொகையைக் குறிப்பிடாமல் முழுக் கணக்கையும் முடக்குவது சரியல்ல என்று கேரள உயர்நீதிமன்றம் 2023-இலும், சென்னை உயர்நீதிமன்றம் 2024-இலும் கூறியிருக்கின்றன.

இதையெல்லாம் அந்தச் சகோதரருக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் யார்? நம் சங்கத்து உறுப்பினர்கள்தான்! செல்போன் கடைக்காரர் ஒருவர், பிரியாணிக் கடைக்காரர் ஒருவர். இருவரும் முந்தைய ஆண்டு இதே சங்கடத்தில் மாட்டி மீண்டவர்கள். இருவரும் அதே குழுவில் இருந்தவர்கள். ஆனால் தினமும் வரும் பூக்களும் பொன்னாடைகளும் தாங்காமல் குழுவின் சத்தத்தை நிரந்தரமாக அடைத்து வைத்திருந்தார்கள். கேள்வி கேட்டவர் இருக்கிறார், பதில் தெரிந்தவர் இருக்கிறார், நடுவில் குழுவும் இருக்கிறது. ஆனாலும் பதில் போய்ச் சேரவில்லை.

அப்படியானால் இதற்குப் பெயர் சங்கமா, விளம்பரப் பலகையா? மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள்!

நம் முன்னோர்கள் கையில் செல்போன் இல்லை. கடையநல்லூர்க்காரர்கள் பிழைப்புத் தேடி சிங்கப்பூர் போனார்கள். 1941-இல் அங்கே தங்களுக்கென்று ஒரு முஸ்லிம் லீக்கை அமைத்தார்கள். ஜப்பான்காரன் பிடித்தான், போர் வந்தது, பஞ்சம் வந்தது. அந்தச் சங்கம் கலையவில்லை. 1946-இல் உமறுப்புலவர் பெயரில் தமிழ்ப் பள்ளிக்கூடமே தொடங்கி விட்டார்கள்! மேடை போட்டுப் பேசிக் கொண்டிருந்தால் மட்டும் பள்ளிக்கூடம் வந்திருக்காது. ஊரிலிருந்து புதிதாக வருகிறவன் எங்கே தங்குவான், யாரிடம் வேலைக்குச் சேர்வான், அவன் பிள்ளை எங்கே படிக்கும் என்ற கேள்விகளுக்குச் சங்கத்திடம் பதில் இருந்தது. பதில் இருந்த இடத்தில் மனிதர்கள் கூடினார்கள்.

இன்று வாட்ஸ்அப் குழுவில் 1,024 பேர் வரை சேர்க்கலாம். 2022-க்கு முன்பு 256 பேருக்குத்தான் இடம். எண்ணிக்கை கூடிய அளவுக்கு உறவு கூடியதா?

பெரும்பாலான சங்கங்களில் கதை ஒன்றுதான். பொதுக்குழு முடிந்த உற்சாகத்தில் குழு தொடங்கப்படும். யாரையும் கேட்காமல் எல்லாருடைய எண்ணையும் சேர்ப்பார்கள். ஒரு மாதம் வாழ்த்துக்கள். பிறகு 'முந்தி வந்த செய்தி', 'அவசரம், அதிகம் பகிரவும்' வகையறாக்கள். பிறகு தேர்தல் நேரத்தில் இரண்டு கட்சிக்காரர்கள் மோதுவார்கள். தடித்த வார்த்தைகள் வரும். நிர்வாகிகள் பயந்து போய், இனி அட்மின் மட்டுமே செய்தி போடலாம் என்று பூட்டுப் போடுவார்கள். 2018-இலேயே அந்த வசதி வந்து விட்டது. பூட்டுப் போட்ட பிறகு சண்டை இருக்காது. உயிரும் இருக்காது!

வதந்தி விஷயத்தில் நாம் இன்னும் விழிக்கவில்லை என்பதையும் வேதனையோடு சொல்ல வேண்டும். 2018 மே மாதத்தில் பிள்ளை பிடிப்பவர்கள் என்ற வதந்தியை நம்பி, திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு மூதாட்டியையும் பழவேற்காட்டில் ஒரு மனிதரையும் அடித்தே கொன்றார்கள். வேறு மாநிலங்களிலும் இதே கொடுமை நடந்தது. அதன் பிறகுதான் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி அந்த ஆண்டு ஜூலையில் இந்தியாவில் கட்டுப்பாடு வந்தது. 2020-இல் கொரோனா காலத்தில் நம் சமுதாயத்துக் காய்கறி வியாபாரிகள் மீது எப்படியெல்லாம் அவதூறு பரப்பினார்கள் என்பதை மறந்து விட்டோமா? வதந்தியால் அடிபட்டவர்களே வதந்தியைச் சுமக்கலாமா? யார் சொன்னது, எப்போது நடந்தது என்று கேட்கிற ஒருவர் குழுவில் இருந்தால் போதும். பாதி வதந்தி அங்கேயே நின்று விடும்.

செருப்புக் கடைக்காரர் விவகாரத்துக்குப் பிறகு எங்கள் செயற்குழுவில் காரசாரமாகப் பேசினோம். குழுவையே கலைத்து விடலாம் என்றார் ஒரு மூத்த ஹாஜியார். "கலைக்க வேண்டாம் மாமு, எங்களிடம் ஆறு மாதம் கொடுங்கள்" என்று நான்கு வாலிபர்கள் கேட்டார்கள். கொடுத்தோம். அவர்கள் செய்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. வாழ்த்துக்கும் போட்டோவுக்கும் தனியாக ஒரு குழு தொடங்கினார்கள். பழைய குழுவில் தொழில், சட்டம், வேலை, உதவி இவை மட்டும். வாரத்தின் ஏழு நாளுக்கும் ஏழு பேர் முறை வைத்தார்கள். யார் கேள்வி கேட்டாலும் மறுநாள் இஷாவுக்குள் பதில் வர வேண்டும். தெரியாவிட்டால், "எனக்குத் தெரியவில்லை, விசாரித்துச் சொல்கிறேன்" என்றாவது சொல்ல வேண்டும். இந்த ஒரு வரிக்கு இருக்கிற மரியாதையை நான் அதற்கு முன் உணர்ந்ததில்லை.

முதல் இரண்டு மாதம் கேள்வியே வரவில்லை. நம்பிக்கை போன இடத்தில் யார் கேட்பார்கள்? அந்த வாலிபர்கள் மாலை நேரத்தில் கடை கடையாகப் போய், "என்ன பிரச்சினை பாய்?" என்று கேட்டு, அவர்களுக்காகத் தாங்களே குழுவில் எழுதினார்கள்.

செப்டம்பரில் நிலைமை மாறியது. 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறின அல்லவா? ஜோடி 2,500 ரூபாய் வரை விலையுள்ள செருப்புக்கு 5 சதவீதம் என்றார்கள். அதற்கு முன்பு 1,000 ரூபாய் வரை 12, அதற்கு மேல் 18. கடைவீதி முழுவதும் ஒரே குழப்பம். 12 சதவீதம் கட்டி வாங்கிய பழைய சரக்கை எந்த வரியில் விற்பது? கட்டிய வரி போனதுதானா? கேள்வி கேட்டவர் யார் என்று நினைக்கிறீர்கள்? அதே செருப்புக் கடைச் சகோதரர்!

பதில் சொன்னது ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கும் ஒரு தம்பி. இரண்டு வருடமாகக் குழுவில் வாயே திறக்காத பையன். இரண்டு நிமிடக் குரல் பதிவில் தெளிவாகச் சொன்னான்: சரக்கை எப்போது வாங்கினோம் என்பது கணக்கல்ல, விற்கிற தேதியில் என்ன வரியோ அதுதான். ஏற்கெனவே கட்டிய வரி உங்கள் வரவுக் கணக்கில் இருக்கும், அதைக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக் கொள்ளலாம். அன்றிரவு பதினோரு மணி வரை அவனிடம் கேள்விகள் போய்க் கொண்டிருந்தன. குடைக் கடைக்காரர் கேட்டார், ரெடிமேட் கடைக்காரர் கேட்டார். மறுநாள் பள்ளிவாசல் வாசலில் நாலு பேர் அவன் கையைப் பிடித்து முஸாஃபஹா செய்தார்கள். அந்தப் பையன் இப்போது செயற்குழுவில் இருக்கிறான். இளைஞர்கள் சங்கத்துக்கு வருவதில்லை என்று மேடையில் புலம்புகிறோமே, வந்த இளைஞனுக்கு நாற்காலி தூக்குவதைத் தவிர என்ன வேலை கொடுத்தோம்?

பேசாமல் இருப்பவர்களைக் கோபிக்கவும் கூடாது. இணையக் கூட்டங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பார்த்துக் கொண்டுதான் இருப்பார்கள், ஒன்பது பேர் எப்போதாவது பேசுவார்கள், ஒருவர்தான் ஓயாமல் எழுதுவார் என்று ஜேக்கப் நீல்சன் என்ற ஆய்வாளர் 2006-இலேயே எழுதினார். நம் ஊர் ஜமாஅத் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இது ஒன்றும் புதிதல்ல! பேசாதவர் படிக்கிறார். படித்ததைக் கடையில் சொல்கிறார். ஆனால் "ஏன் யாரும் கருத்துச் சொல்வதில்லை?" என்று அதட்டினால் அவர் போய் விடுவார். தட்டச்சு செய்யக் கூச்சப்படும் பெரியவர்களுக்குக் குரல் பதிவு வசதி போதுமானது.

பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டில் தையல், மசாலாப் பொடி, பலகாரம் என்று வியாபாரம் செய்யும் சகோதரிகள் எங்கள் ஊரில் ஏராளம். அவர்களின் எண்களை 640 ஆண்கள் பார்க்கிற குழுவில் சேர்த்தது நாங்கள் செய்த தவறு. வேண்டாத அழைப்புகள் வந்தன. சிலர் சொல்லாமலே வெளியேறினார்கள். இப்போது அவர்களுக்கு அவர்களே நடத்தும் குழு இருக்கிறது. அதில் இருந்து இருவர் சங்க நிர்வாகத்தோடு பேசுகிறார்கள்.

எல்லாம் சுமுகமாக நடந்தது என்று நினைத்து விடாதீர்கள். மாதாமாதம் வரவு செலவைக் குழுவில் போடுவது என்று முடிவெடுத்தோம். முதல் மாதமே ஒருவர், "டீச் செலவு இவ்வளவா?" என்று கேட்டு விட்டார். பொருளாளர் கோபத்தில் குழுவை விட்டே வெளியேறினார்! மூன்று பேர் அவர் வீட்டுக்குப் போய், அவர் வீட்டு டீயையே குடித்து, சமாதானம் செய்து கூட்டி வந்தோம். கேட்டவர் கேட்டதில் தவறில்லை. பொருளாளரும் நேர்மையானவர். ஆனால் எழுத்தில் வருகிற கேள்விக்குக் குரலின் தொனி கிடையாது, முகத்தின் சிரிப்பு கிடையாது. ஆகவே மனஸ்தாபம் தலை தூக்கினால் குழுவில் பதில் எழுதாதே, நேரில் போ என்பது இப்போது எங்கள் நடைமுறை.

கணக்கைப் போட்டால் கேள்வி கேட்பார்களே என்று சில நிர்வாகிகள் அஞ்சுகிறார்கள். கேட்கட்டும்! மாதம் 50 ரூபாய் சந்தா கொடுப்பவனுக்குக் கேட்க உரிமை இல்லையா? வேறு சிலர், யாரோ எதையோ எழுதினால் அட்மினைப் பிடித்துப் போவார்கள் என்று பயமுறுத்துகிறார்கள். அட்மினாக இருக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக, அடுத்தவர் போட்ட செய்திக்கு அவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 டிசம்பரிலும், கேரள உயர்நீதிமன்றம் 2022 பிப்ரவரியிலும் தெளிவுபடுத்தி விட்டன. அதற்காகக் கண்ணை மூடிக் கொள்ளச் சொல்லவில்லை. விஷமான செய்தி வந்தால் அட்மினே அதை நீக்கலாம், போட்டவரை எச்சரிக்கலாம், கேட்காவிட்டால் வெளியேற்றலாம். நீதிமன்றம் கொடுத்த பாதுகாப்பு, விஷத்துக்கு நாமே கை தட்டினால் நம்மைக் காப்பாற்றாது.

செருப்புக் கடைக்காரரின் கணக்கு ஐந்து வாரத்தில் விடுபட்டது. ஆம்பூர் பார்ட்டி இன்னும் ரொக்கம்தான் கேட்கிறார். அந்த வியாழக்கிழமை இரவே பதில் கிடைத்திருந்தால், வெள்ளிக்கிழமை காலையிலேயே ஆம்பூருக்குப் போன் போட்டு செக்கை நிறுத்தச் சொல்லியிருப்பார். அந்த ஒரு நாளை எங்களால் அவருக்குத் திருப்பித் தர முடியவில்லை.

இதைப் படிக்கிற சகோதரர்கள் இன்றிரவு ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் சங்கத்தின் குழுவைத் திறந்து, கடைசி நூறு செய்திகளைப் பின்னோக்கிப் பாருங்கள். எத்தனை கேள்விகள் இருக்கின்றன, எத்தனைக்குப் பதில் வந்திருக்கிறது என்று ஒரு காகிதத்தில் குறித்துக் கொள்ளுங்கள். பதில் வராத கேள்வி ஒன்று இருந்தாலும், கேட்டவருக்கு இப்போதே போன் செய்யுங்கள். காகிதத்தை அடுத்த செயற்குழுவுக்கு எடுத்துப் போங்கள்.