அவசரம் உப்பில், உறுப்பில் அன்று

பிறந்த குழந்தையின் வெளிப்பாலுறுப்பு ஆண், பெண் என்ற இரண்டில் எதிலும் தெளிவாக அடங்காதபோது, அறுவை செய்து அதை உடனே சீராக்குவதே குழந்தைக்கு நல்லது என்ற நம்பிக்கை பெற்றோரிடம் மட்டுமன்றி மருத்துவர் சிலரிடமும் வேரூன்றியுள்ளது. இது தவறான, தீங்கிழைக்கும் நம்பிக்கை.

கருவின் முதல் ஏழு வாரங்களில் இருபாலாரின் வெளியுறுப்புகளிலும் வேறுபாடு தெரிவதில்லை. ஒரே முகிழே பின்னர் ஆண்குறியாகவோ பெண்குறிக்காம்பாகவோ வளர்கிறது, ஒரே மடிப்புகளே விதைப்பையாகவோ புற இதழ்களாகவோ அமைகின்றன. இந்த வளர்ச்சியை நடத்தும் குரோமோசோமோ சுரப்பியோ ஹார்மோனோ வழக்கத்திலிருந்து மாறும்போது தோன்றும் உடலமைப்புகளே ஊடுபால் எனப்படுகின்றன.

உண்மையான அவசரம் வேறிடத்தில் உள்ளது. அட்ரீனல் சுரப்பியில் ஒரு நொதி குறைவதால் கார்ட்டிசோல் போதிய அளவு சுரக்காமல், ஆண் ஹார்மோன்கள் மிகுந்து, பெண் குழந்தையின் குறிக்காம்பு பெரிதாகக் காணப்படும் பிறவி அட்ரீனல் மிகைவளர்ச்சியில், உடல் உப்பை இழக்கும் கடுமையான வகையும் உண்டு. கவனியாது விட்டால் முதல் சில வாரங்களிலேயே குழந்தை இறக்க நேரிடும். அக்குழந்தையைக் காப்பவை இரத்தப் பரிசோதனையும் ஹைட்ரோகார்ட்டிசோன் முதலிய மருந்துகளுமே. உறுப்பின் வடிவத்தை மாற்றும் அறுவைக்கு அதில் பங்கில்லை. இதே குறைபாடுள்ள ஆண் குழந்தைக்கு வெளித்தோற்றத்தில் பெரும்பாலும் மாற்றம் தெரியாததால் நோயே கண்டறியப்படாமல் போகக்கூடும் என்பதிலிருந்து, ஆபத்துக்கும் தோற்றத்துக்கும் உள்ள தொலைவு விளங்கும்.

வளர்ப்பு முறையே பாலின உணர்வை உருவாக்கும், ஆகவே குழந்தைப் பருவத்திலேயே உறுப்பைத் திருத்திவிட வேண்டும் என்று அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பணியாற்றிய ஜான் மணி 1950களில் முன்வைத்த கொள்கையே இவ்வழக்கத்துக்கு அறிவியல் போர்வை அளித்தது. ஆனால் டொமினிக்கன் குடியரசில் டெஸ்டோஸ்டிரோனை வலிமையான வடிவத்துக்கு மாற்றும் நொதி குறைந்து பிறந்து, விந்தகங்கள் இருந்தும் பெண்களாக வளர்க்கப்பட்டவர்களுள் பெரும்பாலோர் பருவமெய்தியபின் ஆண்களாக வாழ்ந்ததை 1974-இல் வெளியான ஆய்வு காட்டியது. பிறந்த உடனே பெண் எனத் தீர்மானித்து அவர்களின் விந்தகங்களை அகற்றியிருந்தால் அந்த வாழ்வு பறிபோயிருக்கும்.

ஊரார் என்ன சொல்வார்கள் என்ற பெற்றோரின் அச்சம் உண்மையானது, இரங்கத்தக்கது. ஆயினும் குழந்தைக்குப் பெயரிடவும் மகனாகவோ மகளாகவோ வளர்க்கவும் அறுவை தேவையில்லை. வளர்ந்தபின் அப்பிள்ளை அதை மாற்றிக்கொள்ளவும் வழியுண்டு. அறுவையால் இழந்த உணர்ச்சியையும் கருவளத்தையும் மீட்க வழியில்லை.

பெற்றோரின் ஒப்புதல் குழந்தையின் ஒப்புதலாகாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. உயிருக்கு ஆபத்தான நிலை தவிர இத்தகைய அறுவைகளுக்குத் தமிழக அரசு அவ்வாண்டிலேயே தடை விதித்தது. ஆகவே ஒப்புதல் படிவம் நீட்டப்படும்போது, எந்த உயிராபத்தைத் தடுக்க இந்த அறுவை என்பதை எழுத்தில் தருமாறு பெற்றோர் கேட்க வேண்டும்; அதற்கு விடையில்லையெனில் கையொப்பமிடாமல், இரத்தப் பரிசோதனையையும் தேவையான மருந்தையும் உறுதிசெய்துகொண்டு குழந்தையோடு வீடு திரும்ப வேண்டும்.